தாலமி: ஒரு பெயர், பல மனிதர்கள்

ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிவதற்காகவே பெயர் சூட்டுகின்றோம். ஆயினும் அந்தப் பெயரே சில வேளைகளில் இருவரை ஒருவராக்கி விடுகின்றது. கலீஃபா மஃமூனின் ஆட்சியில், ஹிஜ்ரி 212இல் (கி.பி. 827-28), கிரேக்க வானியலின் தலையாய நூலை அரபியில் பெயர்த்துத் தந்தவர் ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃப். ஈராக்கின் ஆளுநராக இருந்து ஹிஜ்ரி 95இல் (714) மறைந்தவரின் பெயரும் ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃப்தான். முன்னவரை 'இப்னு மதர்' என்றும் பின்னவரை 'அஸ்-ஸகஃபீ' என்றும் சேர்த்துச் சொல்லும்போதுதான், நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் வாழ்ந்த இருவரும் தத்தம் இடத்தில் நிற்கின்றனர்.

இப்னு மதர் மொழிபெயர்த்த நூல் அல்மஜஸ்தீ. அதன் ஆசிரியருக்கு நேர்ந்தது இதனினும் பெரிய பெயர்க்குழப்பம். அவர் பெயர் தாலமி. அரபு நூல்கள் அவரைப் பத்லமியூஸ் என்றழைக்கும். உலகப் பேரறிஞர் ஒருவரைப் பல நூற்றாண்டுகள் மன்னராக்கி, தலையில் முடியும் சூட்டிவைத்த அக்குழப்பம் எவ்வாறு எழுந்தது, முஸ்லிம் அறிஞர்கள் அதனை எவ்வாறு அவிழ்த்தனர் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

அரச குடியின் பெயர்

தாலமி என்பதன் கிரேக்க வடிவம் தாலமையோஸ். போர் என்னும் பொருள்தரும் சொல்லிலிருந்து பிறந்த அது, போர்க்குணம் உடையவன் எனப் பொருள்படும். மாசிடோனியரிடையே அது வழக்கமான பெயராக இருந்தது. கி.மு. 323இல் அலெக்ஸாந்தர் மறைந்தபின் அவருடைய தளபதிகள் பேரரசைப் பங்கிட்டுக் கொண்டபோது, எகிப்து தாலமி என்னும் தளபதிக்குக் கிடைத்தது. பின்னர் அவர் அரசப் பட்டம் சூடிக்கொண்டார். அவருக்குப்பின் அக்குடியில் ஆண்ட ஆண்கள் அனைவரும் தாலமி என்ற பெயரையே தாங்கினர். கி.மு. 30இல் கிளியோபாத்ராவின் மரணத்தோடு எகிப்து உரோமர் வசமாகும் வரை இது நீடித்தது. வரலாற்றாசிரியர்கள் அவர்களுக்கு முதலாம் தாலமி தொடங்கிப் பதினைந்தாம் தாலமி ஈறாக எண்ணிட்டுள்ளனர். அம்மன்னர்களோ எண்களால் அறியப்பட்டவர்கள் அல்லர். 'ஸோத்தேர்', 'ஃபிலடெல்ஃபஸ்', 'யூயெர்கெத்தீஸ்' முதலான சிறப்புப் பெயர்களே அவர்களைப் பிரித்துக் காட்டின.

அரச குடிக்கு வெளியிலும் இப்பெயர் வழங்கியது. அரிஸ்டாட்டிலின் வாழ்க்கையையும் அவருடைய நூல்களின் பட்டியலையும் எழுதிய ஒரு தாலமி உண்டு. அந்நூலின் கிரேக்க மூலம் அழிந்துவிட்டது. அரபு மொழிபெயர்ப்பு மட்டும் இஸ்தான்புல் அயா ஸோஃபியா சேகரத்தின் கையெழுத்துப் படியொன்றில் எஞ்சியுள்ளது. அரபு அறிஞர்கள் அவருக்கு இட்ட பெயர் 'பத்லமியூஸ் அல்-கரீப்' என்பது. கரீப் என்றால் அயலார், அறிமுகமற்றவர் எனப் பொருள். இவர் அல்மஜஸ்தீயின் ஆசிரியர் அல்லர் என்பதை அந்த அடைமொழி ஒன்றே வாசகருக்கு உணர்த்திவிடுகின்றது.

அல்மஜஸ்தீயின் ஆசிரியர்

வானியலறிஞர் தாலமி அலெக்ஸாந்திரியாவில் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். உரோமப் பேரரசர்களான ஹேட்ரியன், அன்டோனினஸ் ஆகியோரின் காலம் அது. அல்மஜஸ்தீயில் அவர் தாமே நிகழ்த்தியதாகப் பதிந்துள்ள வான்நோக்குகள் கி.பி. 127 முதல் 141 வரையிலானவை. கோள்களின் இயக்கம், கிரகணங்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் பட்டியல் ஆகியவற்றை உள்ளடக்கிய அந்நூலோடு, நிலநூலும் சோதிட நூலும் ஒளியியல் நூலும் அவர் இயற்றினார். உரோமக் குடியுரிமையைக் காட்டும் கிளாடியஸ் என்பது அவருடைய முன்பெயர். அரச குடும்பத்தோடு அவருக்கு உறவிருந்தது என்பதற்கு எச்சான்றும் இல்லை. கடைசித் தாலமி மன்னர் மறைந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னரே அவர் விண்ணை நோக்கத் தொடங்கினார்.

ஆயினும் குழப்பம் எழுந்தது. அது வியப்பன்று. இருவருக்கும் ஊர் அலெக்ஸாந்திரியா. இருவருக்கும் பெயர் தாலமி. அந்நகரின் மாபெரும் நூலகத்தைப் பேணி வளர்த்தவர்களோ அம்மன்னர்கள். அறிவைப் போற்றிய அரசகுடியில் ஓர் அறிஞர் தோன்றினார் என்று சொன்னால் எவரும் நம்புவர். ஏழாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரத்து ஆயர் இஸிடோர் அவரை அலெக்ஸாந்திரியாவின் அரசர் என்றே எழுதினார். ஒன்பதாம் நூற்றாண்டில் புகழ்பெற்ற சோதிட அறிஞரான அபூ மஃஷர் அல்-பல்கீயும் (மறைவு ஹிஜ்ரி 272 / கி.பி. 886) அல்மஜஸ்தீயின் ஆசிரியரை அவ்வரச மரபினருள் ஒருவராகவே கண்டார். சோதிட நூலை இயற்றியவர் அக்குடியின் வேறொருவர் என்ற கருத்தையும், இரண்டையும் இயற்றியவர் ஒருவரே என்ற கருத்தையும் எடுத்துக்கூறிவிட்டு, சரியானது எதுவெனத் தெரியவில்லை என அவர் முடித்தார். முதற் செய்தியில் தவறிய அவர், இரண்டாவதில் தம் அறியாமையை மறைக்காமல் ஒப்புக்கொண்டது பாராட்டத்தக்கது.

நூலே சாட்சி

இச்சிக்கலைத் தெளிவாக அவிழ்த்தவர்களுள் ஒருவர் துலைதுலா நகரின் காழி ஸாயித் அல்-அந்தலுஸீ. இன்று தொலேதோ என வழங்கும் அந்நகரில் ஹிஜ்ரி 462இல் (1070) அவர் மறைந்தார். பல சமூகங்களின் அறிவியல் வரலாற்றைக் கூறும் 'தபகாத் அல்-உமம்' என்னும் தம் நூலில், தாலமியை மன்னர் வரிசையில் சேர்ப்பது வெளிப்படையான பிழை என அவர் எழுதினார். அதற்குச் சான்று தேடி அவர் வேறெங்கும் செல்லவில்லை. தாலமியின் நூலையே சாட்சிக்கு அழைத்தார்.

அல்மஜஸ்தீயின் மூன்றாம் பகுதியில், ஹேட்ரியனின் பதினேழாம் ஆண்டில் தாம் கண்ட இலையுதிர்காலச் சமஇரவு நாள் ஒன்றைத் தாலமி குறிக்கின்றார். அந்த நாள்வரை கழிந்த காலத்தைப் பாபிலோனிய மன்னர் நபோனஸ்ஸாரிடமிருந்து அவர் கணக்கிடுகின்றார். நபோனஸ்ஸார் முதல் அலெக்ஸாந்தரின் மரணம் வரை 424 எகிப்திய ஆண்டுகள். அதிலிருந்து அகஸ்டஸின் ஆட்சித் தொடக்கம் வரை 294. அங்கிருந்து தம் நோக்கு நாள் வரை 161 ஆண்டுகளும் 66 நாள்களும் இரண்டு மணி நேரமும். ஆக மொத்தம் 879 ஆண்டுகளுக்கு மேல். தாலமி மன்னர்களின் ஆட்சிக்காலம் முழுவதும் இக்கணக்கின் நடுவிலுள்ள 294 ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகின்றது. அதனை இறந்தகாலமாக எண்ணிக் கூட்டுகின்றவர் அதற்குள் வாழ்ந்தவராக இருக்க முடியாது. போதாக்குறைக்கு, ஃபிலடெல்ஃபஸின் பதின்மூன்றாம் ஆண்டில் திமோகாரிஸ் என்பவர் வெள்ளிக்கோளை நோக்கிய செய்தியையும் அவர் எடுத்தாள்கின்றார். தம் பெயர் கொண்ட அரசரைத் தமக்குச் சுமார் 400 ஆண்டுகள் முற்பட்டவராக அவரே காட்டிவிடுகின்றார்.

ஸாயிதுக்கு முன்னரே, பக்தாதின் இப்னு அந்-நதீம் 'அல்-ஃபிஹ்ரிஸ்த்' நூலில் இவரை ஹேட்ரியன், அன்டோனினஸ் காலத்தவர் எனச் சரியாகக் குறித்திருந்தார். ஸாயிதின் சமகாலத்தில் எகிப்தில் வாழ்ந்த முபஷ்ஷிர் இப்னு ஃபாதிக், இவர் அம்மன்னர்களில் ஒருவர் அல்லர் என்றும், கிஸ்ரா, கைஸர் என்ற பெயர்களை ஒருவர் தாங்குவது போலவே இதுவும் வெறும் பெயர்தான் என்றும் விளக்கினார்.

ஆளை மாற்றினால் கணக்கும் மாறும்

மன்னரா அறிஞரா என்ற இக்கேள்வியால் என்ன பயன் என எண்ணத் தோன்றலாம். வானியலில் ஆசிரியரின் காலம் வெறும் வாழ்க்கைக் குறிப்பன்று. அது கணக்கின் ஓர் உறுப்பு. பூமியின் அச்சு பம்பரம் போல மிக மெதுவாகத் தலைசுற்றுவதால், இராசிச் சக்கரத்தில் விண்மீன்களின் இடம் சிறிது சிறிதாக முன்னகர்கின்றது. இதனை அயனசலனம் என்பர். முன்னோர் குறித்த இடத்தையும் இன்று காணும் இடத்தையும் ஒப்பிட்டு, இடைப்பட்ட ஆண்டுகளால் வகுத்தே அதன் வேகத்தை அறிய இயலும்.

நூறு ஆண்டுகளுக்கு ஒரு பாகை என்பது தாலமி கூறிய அளவு. ரக்காவில் வான்நோக்கிய அல்-பத்தானீ (மறைவு ஹிஜ்ரி 317 / கி.பி. 929) 66 ஆண்டுகளுக்கு ஒரு பாகை எனக் கண்டார். இன்றைய அளவு ஏறத்தாழ 72 ஆண்டுகள். தாலமியின் விண்மீன் பட்டியல் கி.பி. 137ஆம் ஆண்டுக்கும், பத்தானீயின் பட்டியல் 880ஆம் ஆண்டுக்கும் உரியவை. இடைவெளி 743 ஆண்டுகள். இரண்டு பட்டியல்களுக்கும் உள்ள வேறுபாடு 11 பாகைக்குச் சற்று மேல். வகுத்தால் 66 ஆண்டுகளையொட்டிய விடை வருகின்றது. இனி, பட்டியலை எழுதியவர் கி.மு. 270ஐயொட்டி ஆண்ட ஃபிலடெல்ஃபஸ் எனக் கொண்டு பார்ப்போம். இடைவெளி சுமார் 1,150 ஆண்டுகளாகிவிடும். அதே 11 பாகையை வகுத்தால் நூறாண்டுக்குச் சற்று மேல் ஒரு பாகை என்ற விடை வரும். அஃதாவது, தாலமியின் பழைய பிழையான அளவு சரியெனவே தோன்றியிருக்கும். ஆளைப் பற்றிய பிழை ஒன்று, அளவைப் பற்றிய பிழைக்குச் சான்றாக எழுந்து நின்றிருக்கும்.

பெயரை ஆராயும் கலை

பெயரொப்புமையின் இத்தகைய ஆபத்தை ஹதீஸ் கலையினர் நன்கறிந்திருந்தனர். அறிவிப்பாளர் தொடரில் வரும் ஒரு பெயர் நம்பகமானவரையும் குறிக்கலாம், பலவீனமானவரையும் குறிக்கலாம். ஆகவே எழுத்தாலும் ஒலிப்பாலும் ஒன்றுபட்டு ஆளால் வேறுபடும் பெயர்களுக்கென்றே தனித்துறை வளர்ந்தது. அதன் பெயர் 'அல்-முத்தஃபிக் வல்-முஃப்தரிக்'. இப்பெயரிலேயே பெருநூல் இயற்றிய கதீப் அல்-பக்தாதீ (ரஹ்) ஹிஜ்ரி 463இல் (1071) மறைந்தார். துலைதுலாவில் ஸாயித் மறைந்ததற்கு அடுத்த ஹிஜ்ரி ஆண்டு அது. பின்னர் வந்த இப்னு ஸலாஹ் (ரஹ்), கலீல் இப்னு அஹ்மத் என்ற பெயரில் மட்டும் அறுவரைப் பிரித்துக் காட்டினார். அவர்களுள் முதல்வர் அரபு யாப்பிலக்கணத்தை வகுத்த பஸரா அறிஞர்.

குன்யத், நிஸ்பத், ஊர், ஆசிரியர், மாணவர், பிறப்பு இறப்பு ஆண்டுகள் ஆகியவையே அத்துறையின் கருவிகள். தாலமியைப் பொறுத்தவரை ஸாயித் கையாண்டதும் இம்முறையே. பெயரை மட்டும் நம்பாமல் காலத்தைக் கேட்பது அதன் சாரம்.

இதன் உடன்பிறப்பான இன்னொரு துறை 'அல்-முஃதலிஃப் வல்-முக்தலிஃப்'. எழுத்து வடிவில் ஒத்து, ஒலிப்பில் வேறுபடும் பெயர்களை அது ஆராயும். ஒரு புள்ளி மாறினால் ஓர் ஆளே மாறிவிடுவதை அத்துறையினர் எடுத்துக்காட்டினர். அதன் தேவையையும் தாலமியின் பெயரே மெய்ப்பித்தது.

ஒரு புள்ளியும் ஒரு கிரீடமும்

கிளாடியஸ் என்ற முன்பெயரை அரபு நூல்கள் 'அல்-கலூதீ' என எழுதின. கிழக்கத்திய அரபு எழுத்தில் காஃப் எழுத்துக்கு மேலே இரண்டு புள்ளிகள், ஃபா எழுத்துக்கு ஒன்று. அந்தலுஸ், மக்ரிப் பகுதிகளின் எழுத்துமுறையிலோ காஃப் எழுத்துக்கு மேலே ஒரே புள்ளிதான். 'அல்-கலூதீ' என்ற சொல் 'அல்-ஃபலூதீ' எனப் படிக்கப்பட்டபோது, இலத்தீனில் 'ஃபெலூதியென்ஸிஸ்' என்ற பெயர் பிறந்தது. 1515இல் வெனிஸில் அச்சான அல்மஜஸ்தீயின் தலைப்பிலும் அது இடம்பெற்றது. அதனை ஊர்ப்பெயராகக் கொண்டு, எகிப்தின் பெலூசியம் நகரில் தாலமி பிறந்தார் என்ற கருத்தும் பரவியது. புள்ளி ஒன்று பிசகியதால் ஓர் அறிஞருக்கு இல்லாத சொந்த ஊர் ஒன்று வாய்த்தது.

கிரெமோனாவின் ஜெரார்ட் 1175இல் அல்மஜஸ்தீயை அரபியிலிருந்து இலத்தீனாக்கியது இதே தொலேதோ நகரில்தான். அம்மொழிபெயர்ப்பின் முகவுரையில் முபஷ்ஷிர் இப்னு ஃபாதிக்கின் குறிப்பு இடம்பெற்றது. தாலமி மன்னர் அல்லர் என்ற திருத்தம் இவ்வாறு ஐரோப்பாவின் கைகளுக்கு நூலோடு சேர்ந்தே சென்றது. ஆயினும் நூலின் முகவுரையைப் படித்தவர்கள் சிலர். ஓவியத்தைப் பார்த்தவர்கள் பலர். 1503இல் வெளிவந்த ரெய்ஷின் 'மார்கரீட்டா ஃபிலாஸஃபிக்கா' நூற்படத்தில் தாலமி முடியோடு காட்சி தருகின்றார். சில ஆண்டுகளில் வத்திக்கான் மாளிகைச் சுவரில் ரஃபாயேல் தீட்டிய 'ஏதென்ஸ் பள்ளி' ஓவியத்திலும், பூமி உருண்டையைக் கையில் ஏந்தியவராகக் கிரீடத்துடனேயே நிற்கின்றார்.

தமிழக வரலாற்றில் இரு தாலமிகள்

இவ்விரு தாலமிகளும் தமிழக வரலாற்றோடும் தொடர்புடையவர்கள். அசோகரின் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டு, சோழரையும் பாண்டியரையும் குறிப்பிடும் அதே இடத்தில், மேற்றிசை மன்னர்களுள் 'துரமாய' என்பவரையும் பெயர்சொல்லிக் குறிக்கின்றது. அவர் ஃபிலடெல்ஃபஸ் என்னும் இரண்டாம் தாலமி மன்னர் என்பது அறிஞர் முடிபு. அது கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. பாண்டியரின் தலைநகராக மதுரையையும், முசிறி, கொற்கை, காவிரிப்பூம்பட்டினம் முதலான துறைகளையும் தம் நிலநூலில் பதிந்தவரோ கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் வானியலறிஞர். தமிழ்நூல்களில் இருவரும் 'தாலமி' என்றே வருகின்றனர். அறிஞரின் சான்றை மன்னரின் காலத்திற்கு ஏற்றினால், தமிழகத் துறைமுகங்களின் வரலாறு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் இடம்பெயர்ந்துவிடும்.

எனவே, பழைய பெயரொன்றை நூலில் காணும்போதெல்லாம், 'எந்தத் தாலமி? எந்த ஹஜ்ஜாஜ்?' என்று கேட்டுவிட்டு மேலே செல்வது நமக்கு நலம். பெயருக்கு உரியவர் யார் எனத் தெரிந்தபின்னரே அவர் சொல்லின் எடையை நிறுக்க முடியும். தெரியாத இடத்தில், தெரியவில்லை என அபூ மஃஷரைப் போல எழுதிவைப்பதும் அறிவுக்குச் செய்யும் தொண்டே. பின்னால் வரும் ஸாயித் ஒருவர் அதனைத் தெளிவுபடுத்த அது வாயிலைத் திறந்து வைக்கும்.