செம்பும் மகப்பேறும்

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் செப்புக்குடம் இன்றும் விளங்குகிறது. அதிலே வைத்த நீரைப் பருகினால் மகப்பேறு கைகூடும் என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். இதில் உண்மை எவ்வளவு?

பெண் முயல், ஆணுடன் சேர்ந்த பின்னரே கருமுட்டையை வெளிவிடும் இயல்புடையது. ஆயினும் செப்பு உப்பை ஊசிவழிச் செலுத்தினால், சேர்க்கையின்றியே முட்டை வெளிப்படுவதை 1940-ஆம் ஆண்டளவில் அறிஞர் கண்டனர். காரணம் பின்னரே விளங்கிற்று. மூளையின் அடியிலுள்ள ஹைப்போதாலமஸ், ஜி.என்.ஆர்.எச். என்னும் ஹார்மோனைச் சுரந்து பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரியின் ஆணைப்படி சூலகம் இயங்குகிறது. பத்து அமினோ அமிலங்களாலான அந்த ஹார்மோனின் அமைப்பு 1971-இல் தெளிவாயிற்று. எலியின் ஹைப்போதாலமஸ் திசுவைத் தனியே எடுத்துச் சோதித்தபோது, செம்பு அந்த ஹார்மோனை வெளிவரச் செய்தது.

அப்படியாயின் செம்பை மிகுதியாக உட்கொள்ளலாமோ? கூடாது. உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய்க்குச் சிகிச்சை பெறாத பெண்களுக்கு, மாதவிடாய் தடைப்படுவதும் கருச்சிதைவும் நேர்வதுண்டு. நாளொன்றுக்கு நமக்கு வேண்டுவது ஓரிரு மில்லிகிராமே; பருப்பும் எள்ளும் அதனைத் தந்துவிடும். புளிப்புப் பண்டங்களைச் செப்புக் கலத்தில் வைத்தலும் ஆகாது.

ஆதலின், மகவுக்கு ஏங்கும் இளந்தம்பதியர் குடத்தை நம்பிக் காலம் கழியாது, இருவருமாக மருத்துவரை நாடுவார்களாக. பரிசோதனை மனைவிக்கு மட்டுமே என்று எண்ணுதல் தவறு.