வில்லும் வினைஞரும்

வயலின் இனத்துப் பெருங்கருவியாகிய செலோவின் இன்னொலியைப் போற்றுவோர், அவ்வொலியைப் பிறப்பிக்கும் வில்லினை நினைத்தல் அரிது. அவ்வில் வயலின் வில்லினும் குறுகியது. எடையோ மிக்கது, ஏறத்தாழ 80 கிராம். தடித்த தந்திகளை அதிர்விக்க அவ்வெடை வேண்டப்படும். பிரேசில் நாட்டுப் பெர்னம்புகோ மரத்தை அனலில் வாட்டி உட்புறமாக வளைக்கும் இன்றைய வடிவத்தை நிலைபெறுத்தியவர் பாரிசு நகரத்துப் பிரான்சுவா தூர்த் (1747–1835) என்பார்.

ஜெர்மனியில் இத்தொழிலின் நிலைக்களம் சாக்சனியிலுள்ள மார்க்நொய்கிர்ஷன் என்னும் சிற்றூர். சமயங் காரணமாகப் பொகீமியாவினின்று புலம்பெயர்ந்த வினைஞர் 1677இல் அங்கு வயலின் செய்வோர் சங்கம் நிறுவினர். பிற்காலத்தே நியூர்ன்பெர்கர், பிரெட்சுனர் முதலிய குடும்பத்தார் வில்வினையாற் புகழெய்தினர். தம் பெயரையும் வில்லிற் பொறித்தனர். ஆயினும், அவ்வூரில் இயன்ற விற்கள் பல, செய்தவர் பெயரன்றி விற்றவர் பெயர் தாங்கியே கடல் கடந்தன.

இஃது ஹட்டன் வாழ்வார்க்குப் புதிதன்று. ஈண்டுத் தேயிலைப் பெட்டி தோட்டத்தின் பெயரைத் தாங்கிச் செல்லும். கொழுந்தெடுத்த கையின் பெயரை எவரும் கேளார். வில்லிற்கோ ஓர் ஆறுதல் உண்டு. அதன் தலைச் செதுக்கலை நோக்கியே செய்தவரை இனங்காணும் வல்லுநர் உளர். பறித்த கொழுந்தில் அத்தகைய சுவடு எஞ்சுவதில்லை. ஆகலின் அக்கைகளை நினைவிற் கொள்ளுதல் கற்றோராகிய நம் கடனாகும்.