வெடிப்பை அடைக்கும் முன்

அடையாற்றங்கரை அனகாபுத்தூரில் சுவர்கள் படாத பாடு படுகின்றன. சித்திரை வெயிலில் காய்கின்றன, ஐப்பசி மழையில் ஊறுகின்றன; 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற சுவர்களும் இங்கே உண்டு. வெளிப்பூச்சில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் பலரும் செய்வது, வெறும் சிமெண்டைக் குழைத்துத் தடவுவது. அடுத்த கோடையில் அதே இடத்தில் அதே கோடு வந்து நிற்கும்.

மணல் சேராத சிமெண்ட் காயும்போது அதிகம் சுருங்கும். அதைவிட முக்கியம், வெடிப்பு அசைகிறது. சிமெண்ட் வளைந்து கொடுக்காது. கான்கிரீட்டும் செங்கல்லும் வெயிலுக்கு ஒரே அளவில் விரிவதில்லை. வெப்பம் 20 டிகிரி ஏறினால் 3 மீட்டர் கான்கிரீட் சுமார் 0.6 மில்லிமீட்டர் நீளும். செங்கல் கட்டு ஏறக்குறைய அதில் பாதிதான். பில்லரும் சுவரும் சேருமிடத்தில் நேர்கோடாக வெடிப்பது இதனால்தான். பூசும்போதே அங்கே கோழிவலை அடித்திருந்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறைந்திருக்கும்.

சிலந்தி வலைபோலச் சுவரெங்கும் பரவும் கோடுகள் வேறு ரகம். காரணம், எம்-சாண்டில் தூள் அதிகம், கலவையில் சிமெண்ட் அதிகம், அல்லது பூசியபின் போதிய தண்ணீர் விடவில்லை. (ஒரு வாரம் நனைக்கச் சொன்னால் மூன்றாம் நாளே மறந்துவிடுகிறோம்!) இவை ஆழமற்றவை, நல்ல பிரைமரும் நெகிழும் தன்மையுள்ள வெளிச்சுவர் பெயிண்ட்டும் பெரும்பாலும் போதும்.

மற்ற வெடிப்புகளை அடைக்குமுன் அகலப்படுத்த வேண்டும். 'வி' வடிவில் சில மில்லிமீட்டர் கீறி, கம்பி பிரஷ்ஷால் தூசியை எடுத்து, அக்ரிலிக் கிராக் ஃபில்லரைப் பட்டித் தகட்டால் அழுத்தி நிரப்ப வேண்டும். ஆழமானால் இரண்டு தடவையாக, முதலாவது காய்ந்தபின் அடுத்தது. கீறுவதற்கு முன் வெடிப்பைச் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். 'டொப்' என்று பொள்ளல் சத்தம் வந்தால் பூச்சு சுவரை விட்டுவிட்டது. அந்தப் பகுதியைக் கொத்தியெடுத்துப் புதிதாகப் பூசுவதே வழி.

இரண்டு வெடிப்புகளைப் பெயிண்டரிடம் விடாதீர்கள். சன்ஷேடு அடியில் பழுப்புக் கறையோடு வருவது உள்ளே கம்பி துருப்பிடித்ததன் அடையாளம். படிக்கட்டு மாதிரி சாய்வாக ஏறுவது அஸ்திவார மண் அசைவதால் இருக்கலாம். அதன் முனையில் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தால் கட்டுமானப் பொறியாளரை அழையுங்கள். மற்றதையெல்லாம் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். ஈரச் சுவரில் ஃபில்லரும் ஒட்டாது, பெயிண்ட்டும் நிற்காது.