செல்போனோடு ஒரு புதையல் வேட்டை... வழி முடிகிற இடத்தில் ஒரு வாலாட்டி!

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. உங்க வீட்டுல என்ன நடக்குது? பையன் சோபாவில் சாய்ந்துகொண்டு செல்போன் பார்க்கிறான். பெண் கட்டிலில் படுத்துக்கொண்டு இன்னொரு செல்போன். "கொஞ்சம் வெளியே போய் நடந்துட்டு வாங்களேன்டா" என்று நீங்கள் சொன்னால், "போரடிக்கும்மா!" என்று பதில் வருகிறது. அவருக்கோ சர்க்கரை இருக்கிறது. டாக்டர் நடக்கச் சொல்லி ஆறு மாசமாச்சு. ஷூ வாங்கினதோடு சரி!

அந்தச் செல்போனைப் பிடுங்க வேண்டாம். அதைக் கையில் கொடுத்தே மொத்தக் குடும்பத்தையும் இரண்டு மணி நேரம் நடக்க வைக்க ஒரு விளையாட்டு இருக்கிறது. பெயர், ஜியோகேச்சிங். நம்ம பாஷையில் சொன்னால் புதையல் வேட்டை. உங்கள் குடியிருப்போர் நலச் சங்கமே இதை நடத்தலாம். அதை ஊரில் இருக்கிற விலங்குகள் காப்பகத்தோடு சேர்த்து நடத்தினால், கூண்டுக்குள் உட்கார்ந்து வாசலையே பார்த்துக் கொண்டிருக்கிற நாலு ஜீவன்களுக்கும் வழி பிறக்கலாம்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

நாம் எங்கே நிற்கிறோம் என்பதைச் செல்போன் காட்டுகிறதே, அது ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் உபயம். சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அவற்றில் குறைந்தது நாலு கோள்களின் சிக்னலைப் பிடித்து, நம் இடத்தை போன் கணக்குப் போட்டுவிடுகிறது. 2000-ம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்குக் கிடைத்த சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. சுமார் நூறு மீட்டர் வரை தப்பாகக் காட்டும். அப்போதைய ஜனாதிபதி கிளிண்டன் உத்தரவின்படி அந்தப் பிழை நீக்கப்பட்டது. அடுத்த நாளே, மே 3-ம் தேதி, ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியில் சில புத்தகங்கள், வீடியோ கேசட், கவண் எல்லாம் போட்டு வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இன்டர்நெட்டில் வெளியிட்டார். 'கண்டுபிடியுங்கள்... ஒன்றை எடுத்தால் ஒன்றை வையுங்கள்' என்பதுதான் விதி. சில நாட்களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்! அந்த வாளியில் ஒரு டின் பீன்ஸும் இருந்தது. இன்றைக்கு இந்த விளையாட்டில் பெட்டிக்குள் சாப்பாட்டுப் பொருள் வைக்கவே கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இதைக் காப்பகத்தோடு எப்படி இணைப்பது? ஏழெட்டுப் பெட்டிகளை உங்கள் ஏரியாவில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் காப்பகத்தில் இருக்கிற ஒரு விலங்கைப் பற்றி ஒரு அட்டை. போட்டோ, பெயர், வயசு, குணம். கடைசிப் பெட்டியில் கிடைக்கும் எண்கள் காப்பகத்தின் வாசலுக்குக் கொண்டு போய்விடும். வழியெல்லாம் அட்டையில் பார்த்த அதே முகம் அங்கே நேரில் நிற்கும். "அம்மா... இதுதான் மூணாவது பெட்டியில வந்த மணி!" என்று குழந்தை கூவுகிறபோது, வெறும் 'நாய்' என்பது போய், அது 'மணி' ஆகிவிடுகிறது. சும்மா காப்பகத்துக்குப் போய் வரிசையாகக் கூண்டுகளைப் பார்த்துவிட்டு வருவதில் இது நடக்காது.

அட்டைகளுக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் காப்பகத்துக்காரர்களிடமே விட்டுவிடுங்கள். ஆனால் ஒரு வேண்டுகோள் வையுங்கள். குட்டிகள் வேண்டாம். குட்டிகளுக்கு எப்படியும் வீடு கிடைத்துவிடும். வளர்ந்த நாட்டு நாய்கள், ஒற்றைக் கண் பூனை, வண்டியில் அடிபட்டு மூன்று காலோடு துள்ளிக் கொண்டிருப்பது... இவைதான் வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அட்டையில் உண்மையை எழுதுங்கள். 'குழந்தைகள் சத்தம் போட்டால் பயப்படும்' என்றால் அப்படியே எழுத வேண்டும். அழகுக்காக மறைத்தால், ஒரு வாரத்தில் அந்த நாய் திரும்பவும் கூண்டுக்கே வந்துவிடும்.

சென்னையில் 1959-ல் கேப்டன் வி.சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற பெரிய காப்பகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பத்து நாய், நாலு பூனையோடு நடக்கிற சின்ன இடமாகக்கூட இருக்கலாம். சொல்லப்போனால் அங்கேதான் உங்கள் உதவி கண்ணுக்குத் தெரியும்.

பெட்டி வைக்கிற சாமர்த்தியம்!

இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். சாயங்காலம் உற்சாகமாகப் போய், எவர்சில்வர் டிபன் பாக்ஸை பார்க் பெஞ்சுக்கு அடியில் ஒட்டிவிட்டு வந்துவிடுவார்கள். மறுநாள் காலையில் வாக்கிங் போகிறவர் பார்த்தால் என்ன நினைப்பார்? வேண்டவே வேண்டாம்! 2011-ல் இங்கிலாந்தின் வெதர்பி என்ற ஊரில் இப்படி வைத்த ஒரு பெட்டியை வெடிகுண்டு என்று நினைத்துக் கடைகளைக் காலி செய்து, நிபுணர்களை வரவழைத்து வெடிக்கச் செய்தே விட்டார்கள். நம் ஊரில் கேட்கவே வேண்டாம்.

ஆகவே உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் டப்பாதான் வேண்டும். காலியான ஊறுகாய் டப்பா, ஹார்லிக்ஸ் டப்பா போதும். மேலே பெரிய எழுத்தில் 'இது விளையாட்டுப் பெட்டி' என்று எழுதி, சங்கத்தின் பெயரும் போன் நம்பரும் ஒட்டுங்கள். எங்கெங்கே வைக்கிறோம் என்ற பட்டியலைப் போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து மூலமாகக் கொடுங்கள். பார்க் என்றால் மாநகராட்சி அல்லது நகராட்சி அனுமதி. பள்ளி, கோயில், டிரான்ஸ்பார்மர், ரயில் பாதை பக்கமே போகாதீர்கள். வேட்டை நடக்கும் அன்று காலையில்தான் பெட்டிகளை வைக்க வேண்டும். முதல் நாள் ராத்திரியே வைப்பது ஆபத்து.

மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. இவை இந்த விளையாட்டின் உலகப் பொது விதிகள். நம் ஊருக்காக நான் சேர்க்கும் விதி ஒன்று: கல் இடுக்கு, மரப் பொந்து, புதர், செங்கல் குவியல்... இவற்றில் எதையும் வைக்காதீர்கள். குழந்தை கையை விட்டுத் துழாவும். உள்ளே விரியன் இருக்கலாம், தேள் இருக்கலாம், குளவிக் கூடு இருக்கலாம். கண்ணுக்கு நேராக, எட்டிப் பார்த்தால் தெரிகிற இடம்தான் சரி. கஷ்டமாக இருக்க வேண்டுமா? குறிப்பைக் கஷ்டமாக எழுதுங்கள், இடத்தை அல்ல!

எண்களைக் குறிப்பதிலும் ஜாக்கிரதை. அட்சரேகையை டிகிரி, நிமிஷம், நிமிஷத்தின் மூன்று தசமம் என்று எழுதுவது வழக்கம். கடைசி இலக்கத்தில் ஒன்று மாறினால் தரையில் சுமார் 1.85 மீட்டர்தான் தள்ளும். முதல் தசம இலக்கத்தில் ஒன்று மாறினாலோ 185 மீட்டர்! வேட்டைக்காரர்கள் யார் வீட்டுக் காம்பவுண்டையாவது எட்டிப் பார்த்துக் கொண்டிருப்பார்கள். பெட்டி வைத்தவர் அல்லாமல் இன்னொருவர் எண்களை மட்டும் வைத்துக்கொண்டு போய்த் தேடிப் பார்த்துவிடுங்கள். திறந்த வெளியிலேயே செல்போன் ஐந்து மீட்டர் போலத் தப்பாகக் காட்டும். மரங்களுக்குக் கீழே, அடுக்குமாடிகளுக்கு நடுவே இன்னும் கூடும். அதனால்தான் 'உட்கார்ந்தால் முதுகு பச்சையாகும்' என்பது மாதிரி ஒரு சின்ன விடுகதை ஒவ்வொரு பெட்டிக்கும் தேவை.

பெட்டிக்குள் ஒரு குட்டி நோட்டு, பென்சில். கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுத. பேனா ஈரத்தில் ஊறி மசி கரையும். பிஸ்கெட், மிட்டாய் கூடவே கூடாது. தெரு நாயும் எறும்பும் உங்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடும். அதோடு இன்னொரு விஷயம்... சாக்லேட், திராட்சை, வெங்காயம் எல்லாம் நாய்க்கு விஷம் போல. குழந்தைகள் ஆசையாகக் காப்பகத்து நாய்க்கு நீட்டிவிடக் கூடாது.

சர்வதேச ஜியோகேச்சிங் தளத்திலும் அறிவித்து, வெளியூர் ஆர்வலர்களையும் வரவழைக்கலாமே என்று தோன்றும். செய்யலாம். குறைந்தது இரண்டு வாரம் முன்னால் பதிவு செய்ய வேண்டும். ஆனால் அந்தப் பக்கத்தில் நன்கொடை கேட்பது, தர்ம காரியத்துக்கு ஆதரவு திரட்டுவது விதிப்படி கூடாது. காப்பகத்துக்கான வேண்டுகோளை உங்கள் சங்கத்து நோட்டீஸ் போர்டிலேயே வைத்துக் கொள்ளுங்கள்.

எத்தனை மணிக்கு?

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். காலை ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்குக் காப்பகத்தில் இருக்க வேண்டும். மொத்தம் மூன்று கிலோமீட்டர் போதும். தாத்தா பாட்டிக்குப் பாதிப் பெட்டிகள் சமதரையில் இருக்கட்டும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேகமான நடை தேவை, பள்ளிக் குழந்தைகளுக்குத் தினம் ஒரு மணி நேரம் உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடக்கிறோம் என்றே தெரியாமல் அதில் ஒரு பங்கு அன்று கழிந்துவிடும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு வரக் கூடாது. பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். அது அவர்களுக்கு, நாய்க்கு அல்ல!

நுழைவுக் கட்டணம் வசூலிக்காதீர்கள். கணக்கு வழக்கில் மனஸ்தாபம் வரும். காப்பகத்துக்கு என்ன வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு, வீட்டுக்கு ஒன்றாகக் கொண்டு வரச் சொல்லுங்கள். பழைய செய்தித்தாள், பெட்ஷீட், துண்டு, அரிசி. நாம் பழசு என்று பரணில் போட்டது அங்கே குளிரில் நடுங்குகிற குட்டிக்கு மெத்தை.

காப்பக வாசலில்...

அறுபது பேர் ஒரே நேரத்தில் உள்ளே போனால் நாய்கள் மிரளும். பத்துப் பத்துப் பேராகப் போங்கள். நோயுள்ள விலங்குகள் இருக்கிற பகுதிக்குப் போகவே கூடாது. பார்வோ என்று ஒரு வைரஸ் இருக்கிறது. தடுப்பூசி போடாத குட்டிகளைக் கொன்றுவிடும். அது மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும். வீட்டில் நாய்க்குட்டி வளர்க்கிறவர்கள் திரும்பியதும் செருப்பை வெளியே விட்டு, குளித்து, துணி மாற்றிய பிறகுதான் அதைத் தூக்க வேண்டும். வீட்டு நாயை வேட்டைக்கு அழைத்து வருவதும் வேண்டாம்.

குழந்தைகளுக்கு முன்னாலேயே சொல்லிக் கொடுங்கள். எனக்கே நாய் என்றால் உள்ளுக்குள் உதறல்தான். அதனால் இந்தப் பகுதியை அனுபவித்து எழுதுகிறேன்! நாயின் கண்ணையே முறைத்துப் பார்க்கக் கூடாது. கட்டிப் பிடிக்கக் கூடாது. சாப்பிடும்போது, தூங்கும்போது, குட்டியோடு இருக்கும்போது கிட்டப் போகக் கூடாது. அது மோந்து பார்க்கட்டும். பிறகு தலைக்கு மேல் கை கொண்டு போகாமல், நெஞ்சுப் பக்கம் மெதுவாகத் தடவலாம். வழியில் தெரு நாய் குரைத்தால் ஓடாதே, மரம் மாதிரி நில். இதை வீட்டிலேயே நாலு தடவை நடித்துக் காட்டுங்கள். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் டிபன். நாயின் கழிவு கலந்த மண்ணிலிருந்து புழு முட்டைகள் குழந்தைகள் வயிற்றுக்குப் போவது இந்த வழியில்தான். கர்ப்பிணிகள் பூனைகள் மலம் கழிக்கும் மண் தட்டின் பக்கம் போக வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு, ஒரு கடி அல்லது கீறல் பட்டுவிட்டால்? பதறாதீர்கள். ஆனால் மெத்தனமும் கூடாது. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். அதற்கு முன்னால் தடுத்துவிடுவதோ நிச்சயமாக முடியும். குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு முழுசாகப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், காப்பிப் பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. நேரே ஆஸ்பத்திரி. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பயம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. அந்தக் காலம் மலையேறிவிட்டது! இப்போது கையில் போடுகிறார்கள். தசையில் போடும் ஊசி என்றால் 0, 3, 7, 14, 28-ம் நாட்கள். தோலில் போடுவதென்றால் 0, 3, 7, 28. ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசியும் அவசியம். இதைச் சில இடங்களில் விட்டுவிடுகிறார்கள், நீங்களே கேளுங்கள். 'காப்பகத்து நாய்க்குத்தான் தடுப்பூசி போட்டிருக்கே' என்று நீங்களே முடிவு கட்டாமல், டாக்டர் முடிவு செய்யட்டும். ஆஸ்பத்திரியின் பெயர், போன் நம்பர், போக ஒரு கார், மூன்றும் முதல் நாளே தயாராக இருக்க வேண்டும்.

கடைசியாக, தத்து எடுக்கிற விஷயம். அன்றைக்கே ஒரு நாயைக் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். குழந்தை அழும், அப்பா இளகுவார், "சரி, கொண்டு போகலாம்" என்பார். திங்கட்கிழமை காலையில் யார் வெளியே அழைத்துப் போவது என்று வீட்டில் சண்டை. பிடித்த விலங்கின் அட்டையை மட்டும் வாங்கிக் கொண்டு போகட்டும். ஒரு வாரம் கழித்தும் ஆசை இருந்தால் எல்லோருமாகத் திரும்பி வரட்டும். பாட்டியும்தான்! பகல் முழுக்க நாயோடு வீட்டில் இருக்கப் போவது அவர்தானே? வீட்டுக்காரர் சம்மதம், ஊசிச் செலவு, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள் என்பதையெல்லாம் அந்த ஒரு வாரத்தில் பேசி முடித்துவிடலாம். நாய் வேண்டாம் என்று முடிவானால் அதுவும் நல்லதே. மாசத்துக்கு ஒரு மூட்டை அரிசியை நாலு குடும்பம் சேர்ந்து கொடுக்கலாம்.

வேட்டை முடிந்ததும் பெட்டிகளை எண்ணி எடுத்து வாருங்கள். எட்டு வைத்தால் எட்டும் வர வேண்டும். போகிற வழியில் கிடக்கிற பிளாஸ்டிக் குப்பையையும் ஒரு சாக்கில் பொறுக்கிக் கொண்டு வரலாம். 2002 முதல் உலகம் முழுக்க ஜியோகேச்சிங்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். நோட்டுகளில் குழந்தைகள் கோணல் மாணலாக எழுதிய பெயர்களைக் காப்பகத்துக்காரர்களிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த வாரம் யார் யார் திரும்பி வருகிறார்கள் என்று அவர்கள் ஒத்துப் பார்க்கட்டும்.