இருநூறு கிராம் ஆசை

மலை சைக்கிளுக்குக் கார்பன் கிராங்க் வாங்குவது இப்போது மோகமாகி வருகிறது. ஆனால் தராசு சொல்லாத விஷயங்கள்தான் அதிகம்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே பெங்களூரிலிருந்து நந்தி மலை அடிவாரத்துக்கு வந்து சேரும் சைக்கிள்காரர்களிடம் ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. நலம் விசாரிப்பதற்கு முன்பே அடுத்தவர் சைக்கிளை இரண்டு விரல்களால் தூக்கிப் பார்ப்பார்கள். லேசாக எழும்பினால் புருவம் உயரும். பிறகு பேச்சு கிராம் கணக்கில் போகும். வீட்டில் மாவு நிறுக்க வாங்கிய எலக்ட்ரானிக் தராசில் ஸீட்டும் பெடலும் ஏறி இறங்குவது இந்த வட்டாரத்தில் சகஜம். எல்லா எடைக் குறைப்பும் முடிந்த பிறகு கண் கடைசியாக வந்து நிற்கும் இடம் கிராங்க்.

பெடலையும் செயின் வீலையும் இணைக்கும் இரண்டு கரங்கள்தான் கிராங்க். ஊர் சைக்கிளில் அது வெறும் இரும்பு. காட்டர் பின் தளர்ந்தால் தெருமுனைக் கடைக்காரர் சுத்தியலால் நாலு தட்டு தட்டிச் சரிசெய்துவிடுவார். கார்பன் கிராங்க் வேறு ஜாதி. கார்பன் இழைகளை எபாக்சி பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக அச்சில் வைத்து, சூட்டில் இறுக்கிச் செய்வது. அமெரிக்காவின் ஸ்ராம், கனடாவின் ரேஸ் ஃபேஸ் போன்ற நிறுவனங்கள் இதில் பெயர் பெற்றவை. வெளிநாட்டு விலை சுமார் 400 முதல் 600 டாலர். சுங்கமும் வரியும் சேர்ந்து இங்கே வந்து இறங்கும்போது, அந்தப் பணத்துக்கு லூதியானாவில் தயாராகும் சாதாரண சைக்கிள் நாலைந்து வாங்கிவிடலாம்.

இவ்வளவு கொடுத்து எவ்வளவு எடை குறைகிறது? மிக லேசான கார்பன் கிராங்குகள் 400 முதல் 450 கிராம். உயர் ரக அலுமினிய கிராங்க் 500 கிராமுக்குச் சற்று மேல். நடுத்தர அலுமினியம் 700, 800 கிராம். ஆக, உயர் ரக அலுமினியத்திலிருந்து கார்பனுக்கு மாறுபவருக்கு மிச்சம் 100 கிராம்கூடத் தேறாமல் போகலாம். ஓரளவு நல்ல அலுமினியத்திலிருந்து மாறினால் 200 கிராம் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். ஓட்டுபவர் 70 கிலோ, சைக்கிள் 12 கிலோ என்றால், மொத்த எடையில் இது கால் சதவிகிதம். நந்தி மலையை 40 நிமிடத்தில் ஏறுகிறவருக்கு லாபம் ஆறு விநாடி. தண்ணீர் பாட்டிலைக் கால் லிட்டர் குறைவாக நிரப்பினாலும் இதே லாபம்தான். அதற்குச் செலவு இல்லை.

சுழலும் பாகத்தில் எடை குறைந்தால் இரட்டிப்புப் பலன் என்று ஒரு வாதம் உண்டு. அது சக்கரத்தின் ரிம்முக்கும் டயருக்கும் பொருந்தும். கிராங்க் நிமிடத்துக்கு 80 சுற்றுதான் சுற்றுகிறது. கரத்தின் நுனிகூட நடக்கிற வேகத்தில்தான் நகர்கிறது. இந்த விஷயத்தில் அது ஸீட்டுக்குக் கீழே கட்டிய பை மாதிரிதான். எடைதான் குறி என்றால் பணத்தை முதலில் டயரிலும் ரிம்மிலும் போடுவது புத்திசாலித்தனம்.

ஆறு விநாடி யாருக்குப் பெரிது? 2023 அக்டோபரில் திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடியில் ஆசிய மலை சைக்கிள் போட்டி நடந்தபோது, தங்கத்தோடு பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பும் பந்தயத்தில் இருந்தது. அந்த மாதிரிக் களத்தில் ஆறு விநாடி என்பது பதக்கம். மற்றவர்களுக்கு அது சாயாக்கடையில் பேசுகிற பெருமை. அதையும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆசைக்கு வாங்குகிறவர் ஆசைக்கு வாங்கலாம். ஆனால் தவறான கிராங்கை வாங்கிவிட்டு விழிப்பவர்கள்தான் அதிகம். காரணம், எடை அட்டையில் முதல் வரியில் இருக்கிறது. பொருந்துமா என்பது கடைசி வரியில்.

முதல் சிக்கல் அச்சு. ஷிமானோவின் அச்சு 24 மில்லிமீட்டர் விட்டம். ரேஸ் ஃபேஸ் 30. ஸ்ராம் 2018இல் கொண்டுவந்த ‘டப்’ அச்சு, யாரையும் பகைத்துக்கொள்ளாமல், 28.99. ஒன்றுக்கான பேரிங் மற்றதற்கு ஆகாது. அந்த பேரிங் உட்காரும் குழாயிலும் பல ரகம். மரை போட்ட 73 மில்லிமீட்டர் பழைய ரகம் ஒன்று, பேரிங்கை அழுத்திச் சொருகும் 92 மில்லிமீட்டர் ரகம் ஒன்று, இன்னும் சில. சொருகும் ரகத்தில் 30 மில்லிமீட்டர் அச்சைப் போட்டால், சுற்றிலும் இடம் குறைந்து, பேரிங்கில் சின்னச் சின்ன குண்டுகளைத்தான் வைக்க முடியும். சேறும் தண்ணீரும் புகுந்தால் அவை சீக்கிரம் தேயும். சகதியாற்றில் இறக்கி ஏற்றுகிற சைக்கிளுக்கு மரை ரகம் நிம்மதி.

அடுத்தது செயின் கோடு. பிரேமின் நடுவிலிருந்து செயின் வீல் எத்தனை தூரம் தள்ளி நிற்கிறது என்ற கணக்கு. பின் சக்கர ஹப் 148 மில்லிமீட்டராக அகன்ற பிறகு இது 52 ஆனது. ஸ்ராமின் புதிய கியர் வரிசைக்கு 55. பழைய பிரேம்களுக்கு 49 சுமார். மூன்று மில்லிமீட்டர்தானே என்று விட்டால் கடைசி கியரில் செயின் கோணலாக ஓடிப் பற்களைத் தின்னும், அல்லது செயின் வீல் பிரேமை உரசும். முன்னால் மூன்று செயின் வீல் இருந்த காலம் போய், 2012இல் ஸ்ராமின் எக்ஸ்.எக்ஸ்.1 வந்த பிறகு ஒற்றை வீல்தான் வழக்கம். அதனால் பல் எண்ணிக்கையில் தவறினால் தப்பிக்க வழியில்லை. செங்குத்தான மலை ஏறுபவருக்கு 30 அல்லது 32 பல் போதும். 36 பல்லைப் பார்த்து மயங்குபவர், தன் பிரேமில் அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

நீளம் பற்றிய கருத்தும் மாறிவிட்டது. முன்பு மலை சைக்கிள் என்றாலே 175 மில்லிமீட்டர். இப்போது 170, 165 என்று இறங்குகிறார்கள். இரண்டு சக்கரத்திலும் ஸ்பிரிங் உள்ள சைக்கிள், ஆள் ஏறியதும் அமுங்கும். நீண்ட கரம் பாறையில் இடிக்கும். கார்பனுக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது.

கரத்தின் நுனியில் பாறை மோதினால் அலுமினியத்தில் வடு விழும். கார்பனில் வெளியே கீறல்போல் தெரிவது உள்ளே அடுக்குப் பிரிந்ததாக இருக்கலாம். அதற்காகவே நுனிக்கு ரப்பர் தொப்பி விற்கிறார்கள். சில கிராம் கூடும், பாதகமில்லை. மண் ஒட்டிய ஷூவின் குதிகால் உரசி உரசி இழையையே அரித்துவிடும். அதைத் தடுக்க ஒரு துண்டு பிளாஸ்டிக் படலம் போதும். பெடல் திருகும் இடத்தில் உள்ள அலுமினிய மரை பசையால் ஒட்டப்பட்டது. அது தளர்ந்தால் கிராங்க் ஆயுள் முடிந்தது. நின்றபடி இறக்கத்தில் வரும்போது பெடலோடு கழன்றால், பற்களுக்கும் ஆபத்து.

பசை என்றால் கார்பனுக்கு மட்டும் உள்ள பலவீனம் என்று நினைக்க வேண்டாம். ஷிமானோ 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 6,80,000 சாலை சைக்கிள் கிராங்குகளைப் பரிசோதனைக்குத் திரும்ப அழைத்தது. அவை கார்பன் அல்ல, இரண்டு துண்டுகளைப் பசையால் ஒட்டிய அலுமினியம். ஒட்டு பிரிந்ததாக 4,519 புகார்கள், ஆறு பேருக்குக் காயம். அதே ஷிமானோ, மலை சைக்கிளுக்கான தன் உச்ச ரகமான எக்ஸ்.டி.ஆரின் புதிய வரிசையை 2025இல் வெளியிட்டபோதும் கிராங்கைக் கார்பனுக்கு மாற்றவில்லை. யோசிக்க வைக்கிற விஷயம்.

மலிவாக வரும் பெயரில்லாத கார்பன் கிராங்கைத் தொடாமலிருப்பது நலம். உள்ளே எத்தனை அடுக்கு என்பது செய்தவருக்கு மட்டுமே தெரியும். பழையது வாங்குவதும் அப்படியே. வாரண்டி சீட்டில் முதல் உரிமையாளர் பெயர்தான் செல்லும். மாட்டும்போது டார்க் ரெஞ்ச் இல்லாத கடையில் விடக் கூடாது. ‘டப்’ கிராங்கின் போல்ட்டுக்கு 54 நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருந்தால் 54தான். கை பலத்தை நம்பும் மெக்கானிக்குக்கு இது புரிய நேரமாகும்.

மணாலியிலிருந்து லே புறப்படுகிறவர்கள் கணக்கு வேறு. 5,328 மீட்டர் உயரத்தில் தங்லங் லா கணவாய். வழியில் பேரிங் உடைந்தால் லாரி பிடித்துத் திரும்ப வேண்டியதுதான். விவரமான சிலர், கார்பனுக்கு மாறினாலும் பழைய அலுமினியக் கிராங்கை விற்பதில்லை. புதியதை அதே அச்சு விட்டத்தில் வாங்குகிறார்கள். இரண்டுக்கும் ஒரே பேரிங். பந்தயத்துக்கு ஒன்று, லடாக்குக்கு ஒன்று. மாற்றுவதற்கு அரை மணி நேரம்கூட ஆவதில்லை.