கெல்லி மாளிகையில் பேயா? உற்றறிந்ததும் ஊகித்ததும்

மாணவர்களே, பேராக், பத்து காஜாவில் உள்ள கெல்லி மாளிகைக்குச் சுற்றுலா போயிருக்கிறீர்களா? செங்கல் சுவர்கள், உயர்ந்த கோபுரம், கண்ணாடி இல்லாத சன்னல்கள், நீண்ட தாழ்வாரம். "மாடியில் துரை நடமாடுகிறாராம்" என்று பேருந்திலேயே கதை தொடங்கிவிடும்.

கதையைக் கேட்டு நடுங்குவது எளிது. கேலி செய்வதும் எளிது. அறிவியல் மாணவர் செய்ய வேண்டியது வேறு: ஆராய்வது.

முதலில் வரலாறு

வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர். 1890-இல், 20 வயதில் மலாயா வந்து, பின்னர் ரப்பர் தோட்ட முதலாளியானார். 1915-இல் இந்தப் பெரிய மாளிகையைக் கட்டத் தொடங்கினார். கட்டடத் தொழிலாளர்கள் தமிழகத்திலிருந்து வரவழைக்கப்பட்டார்கள். வேலை நடந்துகொண்டிருந்தபோது ஸ்பானியக் காய்ச்சல் பரவி, அவர்களில் பலர் மாண்டார்கள். தொழிலாளர்களின் வேண்டுகோளுக்கு இணங்க அருகில் மாரியம்மன் கோயில் எழுந்தது. 1926-இல் ஸ்மித் லிஸ்பன் நகரில் நிமோனியாவால் இறந்தார். மாளிகை பாதியில் நின்றது. அவர் இறந்தது போர்த்துகலில். பேய்க்கதை உலவுவதோ பத்து காஜாவில்!

எது உற்றறிதல்? எது ஊகித்தல்?

தொடக்கப்பள்ளியில் படித்த அறிவியல் செயற்பாங்குத் திறன்களை நினைத்துப் பாருங்கள். ஐம்புலன்களால் அறிவது உற்றறிதல். அதற்குக் காரணம் சொல்வது ஊகித்தல். "தாழ்வாரத்தில் 'ஊ' என்று ஒலி கேட்டது" என்பது உற்றறிதல். "அது துரையின் ஆவி" என்பது ஊகம். ஓர் உற்றறிதலுக்குப் பல ஊகங்கள் இருக்கலாம்.

ஒலி: காலிப் போத்தலின் வாயில் ஊதினால் உள்ளே இருக்கும் காற்று அதிர்ந்து ஒலி எழும். திறந்த சன்னல்கள் வழியே காற்று வீசும்போது அறைகளும் இப்படி ஒலி எழுப்பக்கூடும்.

குளிர்ச்சி: தடித்த செங்கல் சுவர் மெதுவாகத்தான் சூடாகும். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தால் சட்டென்று குளிரும். காற்று பட்டு வியர்வை ஆவியாகும்போது தோலின் வெப்பத்தையும் எடுத்துக்கொள்ளும். மயிர் கூச்செறியும்.

முகம்: சுவர்க்கறையில் முகம் தெரிவதற்குப் பாரெய்டோலியா என்று பெயர். இரண்டு புள்ளியும் ஒரு கோடும் இருந்தால் போதும், நம் மூளை முகத்தைக் கண்டுவிடும். 1976-இல் வைக்கிங் 1 விண்கலம் அனுப்பிய செவ்வாய்ப் படத்தில்கூட ஒரு முகம் தெரிந்தது. பின்னர் எடுத்த தெளிவான படங்களில் அது வெறும் குன்று.

கதையே மாறியாகும்போது

1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 22 பேரை ஒரு நாடக அரங்கின் ஐந்து இடங்களுக்கு அனுப்பினார்கள். பாதிப் பேரிடம் "இங்கே பேய் உண்டு" என்றும், மீதிப் பேரிடம் "இங்கே சீரமைப்பு வேலை நடக்கிறது" என்றும் சொன்னார்கள். அரங்கு ஒன்றுதான். ஆனால், பேய்க்கதை கேட்டவர்களே விநோத உணர்வுகளை அதிகம் அனுபவித்தார்கள். எதை எதிர்பார்த்துப் போகிறோமோ அதையே நம் புலன்கள் தேடுகின்றன.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். மின்விசிறி ஒலியை ஒரு நிமிடம் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். நண்பர்கள் பத்துப் பேரிடம் "இதில் யாரோ மெல்லப் பேசுகிறார்கள்" என்றும், வேறு பத்துப் பேரிடம் "இது விசிறி ஒலி" என்றும் சொல்லி, தனித்தனியே கேட்கச் செய்து, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன வாசகம் தற்சார்பு மாறி. பேச்சு கேட்டதாக எழுதியவர்களின் எண்ணிக்கை சார்பு மாறி. பதிவு, ஒலி அளவு, அறை ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். சோதனை என்ற பெயரில் பாழடைந்த கட்டடங்களுக்கு இரவில் போகாதீர்கள். இற்றுப்போன தளமும் பாம்பும் உண்மையான ஆபத்துகள்.

கண்ணுக்குத் தெரியாத கொலையாளி

அந்த மாளிகையில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று உயிர்களைப் பறித்தது உண்மைதான். அது சளிக்காய்ச்சல் வைரஸ். 1918-இல் தொடங்கிய அந்தக் கொள்ளைநோயால் உலகம் முழுவதும் சுமார் 5 கோடிப் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். மனிதரைத் தாக்கும் அந்த வகை வைரஸை ஆய்வாளர்கள் முதன்முதலில் பிரித்தெடுத்தது 1933-இல்தான். மருத்துவர்களுக்கே காரணம் தெரியாத காலத்தில், நோய் கண்டால் மாரியம்மனை வேண்டும் முன்னோர் வழக்கப்படி அந்தத் தொழிலாளர்கள் கோயிலை நாடினார்கள். அதைக் கேலி செய்ய நமக்கு உரிமையில்லை.

துரையின் ஆவியைப் பற்றி எத்தனையோ கதைகள் உலவுகின்றன. செங்கல் அடுக்கி மாண்டவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அடுத்த முறை பேருந்தில் பேய்க்கதை தொடங்கினால் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: நீ உற்றறிந்தது என்ன? இதைக் கட்டியவர்கள் யார் தெரியுமா?