நாயோடு ஒரு ஏரிச்சுற்று... கயிறு மட்டும் கையிலேயே இருக்கட்டும்!

வீட்டு நாயை யாரிடமாவது விட்டுவிட்டு டூர் போக மனசு வராதவர்களுக்கு, இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் ஒரு வரம். அங்கே மலைப்பாதையில் நாயோடு நடப்பது சர்வ சாதாரணம். அப்படிப் பலரும் விரும்பும் சுற்றுகளில் ஒன்று பட்டர்மியர்.

சுற்றிலும் மலை, நடுவில் சுமார் 2 கிலோமீட்டர் நீள ஏரி. கிராமத்தில் தொடங்கி ஏரியை ஒரு வலம் வந்தால் ஏறக்குறைய 7 கிலோமீட்டர். பெரிய ஏற்றம் எதுவும் இல்லாததால் தாத்தா, பாட்டியும் நிதானமாக நடக்கலாம். ஒரு கரையில் பர்ட்னஸ் காடு. எதிர்க்கரையில் பாறையைக் குடைந்த சின்னச் சுரங்கம். உள்ளே இருட்டு, காலடியில் ஈரம். பல நாய்கள் வாசலிலேயே நின்று ஒரு முறை யோசிக்கும்!

தெம்பு இருந்தால் ஏரியின் தலைமாட்டில் ஹேஸ்டேக்ஸ் குன்று இருக்கிறது. உயரம் 597 மீட்டர். மலைநடை வழிகாட்டி நூல்களால் புகழ்பெற்ற ஆல்ஃபிரட் வெய்ன்ரைட் 1991-ல் மறைந்தபோது, அவருடைய அஸ்தி இந்தக் குன்றின் மேல் உள்ள குட்டைக்கரையில்தான் தூவப்பட்டது. உச்சிக்குப் பக்கத்தில் பாறை பிடித்து ஏறும் இடங்கள் உண்டு. குட்டி நாய் என்றால் தூக்கித்தான் விட வேண்டும்.

எல்லாம் சரி, இது ஆடுகளின் ஊர் என்பதை மறந்துவிடக் கூடாது. இங்கே மேய்பவை ஹெர்ட்விக் செம்மறிகள். குட்டி கறுப்பாகப் பிறந்து, வளர வளரச் சாம்பல் நிறமாகும். மலையில் மந்தைக்கு மந்தை வேலி கிடையாது. எது தன் மேய்ச்சல் எல்லை என்பதைத் தாயோடு திரிந்தே குட்டி பழகிக்கொள்கிறது. நாய் கடிக்கவே வேண்டாம். துரத்தினாலே போதும், சினையாட்டுக்குக் குட்டி கலைந்துபோகலாம்.

‘எங்க டாமி ஒண்ணும் பண்ணாது’ என்ற பேச்சு அங்கே எடுபடாது. ஆட்டைத் துரத்தும் நாயின் சொந்தக்காரர்மீது வழக்குப் போட 1953-லேயே சட்டம் வந்துவிட்டது. வேறு வழியே இல்லாத நிலையில் நாயை விவசாயி சுட்டுவிட்டால், சட்டம் அவர் பக்கம் நிற்கவும் வாய்ப்பு உண்டு. பொதுமக்கள் நடக்கத் திறந்துவிடப்பட்ட மலை நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை 2 மீட்டருக்கு மேல் போகாத கயிற்றில்தான் நாய் இருக்க வேண்டும். ஆடு, மாடு அருகில் இருந்தால் வருஷம் முழுக்க இதே விதிதான்.

ஒரே ஒரு விதிவிலக்கு: மாடு விரட்டினால் கயிற்றை உடனே விட்டுவிடுங்கள். மாட்டின் கோபம் நாய்மேல்தான். நாய் ஓடித் தப்பிவிடும், பிடித்துக்கொண்டு நிற்கும் ஆள்தான் மிதிபடுவார்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை போகிறவர்களுக்கு இன்னொரு தகவல். கரையில் உள்ளான் பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால், ஏரியோரப் பாதையில் ஒரு பகுதியை அடைத்துவிடுவார்கள். மாற்றுவழிக்குப் பலகை இருக்கும், அதன்படி நடந்தால் போதும்.